எவ்விடம்?

யாவின் தாய்மாமன் இன்னும் சோற்றில் கை வைக்கவில்லை. சுவிஸில் ஷ்லீரன் என்ற ஊரில், ஜெயமலரின் சின்ன வீட்டு மேசையைச் சுற்றி நாலு பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்காகத்தான் அவள் விடியவே எழும்பி ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சியிருந்தாள். கானாவிலிருந்து வந்து ஜெர்மனியில் ஹம்பேர்க் நகரில் குடியேறிய மனிதர். மருமகன் யாவ் கட்ட ஆசைப்படும் பெண்ணைப் பார்க்க ரயிலேறி வந்திருந்தார். அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன் சம்மதிக்காமல் கலியாணம் இல்லை.

பெண், அபெனா. ஜெயமலரோடு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்பவள். ஒரே விரிப்பை இரண்டு பக்கமும் நின்று பிடித்து மடித்து மடித்தே சிநேகிதமானவர்கள். அகதி விடுதியில் விருந்து வைக்க இடமில்லையே என்று அபெனா கலங்க, என் வீடு என்னத்துக்கு இருக்கிறது என்று ஜெயமலர்தான் முந்திக்கொண்டாள். அவளுடைய கணவன் வரதராசாவும் மறுக்கவில்லை.

மேசையில் பேச்சு நின்றுபோயிற்று. பேச்சு நின்றால் ஜெயமலருக்குப் பயம். யாழ்ப்பாணத்து ஆட்கள் கூடும் இடத்தில் அதற்கு அடுத்து வருவது ஒரே கேள்விதான்: "ஊரிலை எவ்விடம்?" எந்த ஊர், எந்தக் கோயிலடி, எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்று மெல்ல மெல்லத் தோண்டிச் சாதியைக் கண்டுபிடித்த பிறகுதான் விடுவார்கள். சுவிஸில் பனியில் வழுக்கி விழுந்தவனைத் தூக்கிவிடுமுன்னும் அதைத்தான் கேட்பார்கள். ஜெயமலரின் ஒழுங்கையைச் சொன்னால் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். பிறத்தியார் காணிகளில் தலைமுறை தலைமுறையாக அடிமை என்று எண்ணப்பட்ட சனம் அவளுடையது. அதனால் ஒரு வித்தை பழகியிருந்தாள்: மற்றவர் வாய் திறக்குமுன் தானே கேட்டுவிடுவது. கேட்கிறவளை யாரும் சந்தேகிப்பதில்லை. நாளடைவில் அது அவளுக்கு உபசாரப் பேச்சாகவே ஆகிவிட்டது.

பழகின நாக்கு சும்மா இருக்குமா? ஜெர்மன்காரர் பேசும் டொச் மொழியில் அரைகுறையாகக் கேட்டுவிட்டாள்.

"அபெனா, உங்கடை அம்மம்மா ஊரிலை எவ்விடம்?"

அபெனாவின் கை கோப்பையருகே நின்றது. கானாவில் குமாசி நகரம் என்றாள். பிறந்ததும் அங்கேதானா என்று ஜெயமலர் சிரித்துக்கொண்டே அடுத்ததையும் கேட்டாள். அபெனாவுக்குப் பொய் வரவில்லை. அம்மம்மாவின் தாய் வடக்கிலிருந்து வந்தவள் என்று மெல்லச் சொன்னாள். யாவ் குனிந்துகொண்டான். தாய்மாமன் மெதுவாகத் தலையாட்டினார். பிறகு இரண்டு வாய் சாப்பிட்டு, கறி நன்றாக இருந்தது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

காரியம் சரி, மனிதர் தலையாட்டிவிட்டார் என்று ஜெயமலர் அன்று முழுக்க வரதராசாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

யாவ் மாமனோடு ஹம்பேர்க்குக்குப் போனவன், திரும்பி வரவில்லை. அபெனா விரிப்பின் மறுபக்கத்தில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். அவளுடைய பூட்டி, அந்த அம்மம்மாவின் தாய், வடக்கில் சிறுமியாக இருந்தபோது, குதிரையில் வந்தவர்கள் ஊரை எரித்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சந்தையில் விற்றார்கள். கடலோரத்து அடிமைக் கப்பல்களுக்கு ஆள் பிடித்துப் பிடித்தே பழகிய தொழில். கப்பல் வருவது நின்ற பிறகும் தொழில் நிற்கவில்லை. உள்நாட்டு வீடுகள் வாங்கின. குமாசியில் ஒரு வீடு பூட்டியை வாங்கித் தன் பெயரைக் கொடுத்தது, காணி கொடுத்தது, மகள் என்றும் சொன்னது. ஆனால் சொத்துப் பிரிக்கும்போதும் பெண் எடுக்கும்போதும் வீட்டுக்கு வீடு குசுகுசுப்பார்கள். ஒரே வீட்டில் பிறந்தவர்களே ஒருவரையொருவர் முழுதாக நம்பமாட்டார்கள்.

ஜெயமலர் விரிப்பைக் கீழே வைத்தாள். மன்னித்துவிடு என்றாள்.

"யாவின் மாமன் கேட்டிருக்கமாட்டார்," என்றாள் அபெனா. "ஒருவருடைய பூர்வீகத்தைச் சபையில் கேட்பது எங்கள் ஊரில் குற்றம். அதை நம்பித்தான் அந்த மேசையில் வந்து இருந்தேன்."

"நானும் உன்னைப் போலைதான், அபெனா. எங்கடை சனத்தையும் அடிமையெண்டுதான் வைச்சிருந்தவை."

அபெனா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லை. நீ கேட்கிறவள்."

அடுத்த நாள் அவள் வேறு மெசினுக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டாள்.

கதை தமிழர் வீடுகளுக்கும் போயிற்று. வரதராசாதான் யாரிடமோ சொல்லியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தில்லைநாயகி வந்தாள். ஷ்லீரனில் வெள்ளிக்கிழமைப் பூசை அவள் வீட்டில்தான்; வரதராசாவுக்கு வேலை எடுத்துக் கொடுத்ததும் அவள் புருஷன்தான். முன்பும் பல தடவை வந்திருக்கிறாள். இப்போதுதான் குடித்தேன், வயிறு சரியில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லி, பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் போவாள். அன்று கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தாள்.

"நீர் கேட்டது சரிதான், பிள்ளை. ஆபிரிக்காக்காரர் எண்டாலும் குலம் கோத்திரம் விசாரிக்காமல் செய்யலாமோ? இப்பிடிக் கேக்கத் தெரிஞ்ச ஆக்கள் நல்ல குடியிலைதான் பிறந்திருக்கவேணும். ஒரு தேத்தண்ணி போடும், குடிச்சிட்டுப் போறன்."

ஜெயமலருக்குத் தன் ஒழுங்கையின் பெயர் வாய் வரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் என்ன? சொன்னால் அபெனாவின் கலியாணம் திரும்பி வருமா? வரதராசா கதவடியில் நின்று அவளையே பார்த்தான். இவ்வளவு காலத்தில் அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அவள் கண்டதில்லை.

அவள் குசினிக்குள் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள்.

"சீனி எவ்வளவு போடுறது, அக்கா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.