கலர்க்காரரின் கைச்சூடு

பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிக் கொடுக்கும் கலர்க்காரருக்குக் கோபம் வந்தால் அவர் கையில் இருக்கும் தண்ணீர் கொதிக்கும். கல்யாணமான முதல் வாரத்திலேயே இது தெரிந்துபோனதால், அவர் மனைவி குளிக்க வெந்நீர் போட அடுப்பு பற்றவைத்ததே இல்லை. வாளியை அவர் முன்னால் நகர்த்தி, கையை உள்ளே விடச் சொல்லி, "உங்க தம்பி போன் பண்ணினாராமே" என்று ஒரு பேச்சை எடுத்துவிட்டால் போதும், ஆவி பறக்கும். கேஸ் தீர்ந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர்களும் பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கடை முதலாளி மட்டும் சட்டென்று தீப்பிடிக்கும் தின்னர் டப்பாக்களை அவர் பக்கத்தில் வைக்காமல் பார்த்துக்கொண்டார். மற்றபடி யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், மனுஷனுக்கு எது வந்தாலும் அது கோபமாகத்தான் வரும். பசித்தாலும் கோபம், பஸ் போய்விட்டாலும் கோபம். உயிராய் இருந்த மாமனார் இறந்த அன்று, நாற்காலியைக் கோணலாகப் போட்டுவிட்டார்கள் என்று வந்தவர்களிடம் எரிந்து விழுந்தார். பிடித்திருந்த டம்ளரில் காபி பொங்கி வழிந்தது. மகள் வகுப்பில் முதலாவதாக வந்தபோது, சான்றிதழை ஏன் மடித்தாய் என்று அதட்டினார். அவர் விரல் பட்ட ஓரம் பழுப்பாகப் பொசுங்கியது. என்ன ஆச்சு என்று யார் கேட்டாலும் "கோபம்" என்பார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது, பாவம்.

வருஷங்கள் ஓடின. மகள் பிரசவத்துக்கு வந்தாள், பெண் குழந்தை பிறந்தது. ஆசையாய்க் கை நீட்டினார் கலர்க்காரர். போர்வையில் ஐந்து விரலும் கரிந்து பதிந்தன. மருமகன் வெலவெலத்துப்போய், குழந்தையை அள்ளிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். மாதக் கடைசியில் அவர்கள் மூவரும் கடல் கடந்து போகிறார்கள், மறுபடி எப்போது வருவார்களோ தெரியாது. அதற்குள் ஒரே ஒரு தடவை பேத்தியைத் தூக்கிவிட வேண்டும். கலர்க்காரர் ஐஸ் நிரப்பிய பாத்திரத்தில் கையை வைத்துப் பார்த்தார். வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் வெந்நீர் கிடைத்ததுதான் மிச்சம்.

மகள்தான் கடைசியில் கேட்டாள். "அப்பா, கடைக்கு ஒருத்தர் வந்து வெள்ளை குடுன்னா குடுத்துடுவீங்களா?"

"அதெப்படி? பால் வெள்ளையா, தந்த வெள்ளையா, முட்டை ஓட்டு வெள்ளையான்னு கேப்பேன்."

"அதையேதான் நானும் கேக்குறேன். எந்தக் கோபம்?"

கலர்க்காரர், ஜன்னல் வெளிச்சத்தில் நிறத்தைப் பிடித்துப் பார்ப்பவர் மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு உள்ளுக்குள் பார்த்தார். "பயம்" என்றார், தனக்கே ஆச்சரியமாக. "கீழ போட்டுடுவேனோன்னு." கையிலிருந்த செம்பில் கொதி அடங்கியது. "அடேங்கப்பா!" என்றார் மருமகன், சுவரை விட்டு வராமலே.

அன்றிலிருந்து கலர்க்காரர் மும்முரமாகக் கலக்க ஆரம்பித்தார். இது வெட்கம், ரெண்டு சொட்டு எரிச்சலோடு. இது சலிப்பு, அடியில் கொஞ்சம் தனிமை. ஒவ்வொன்றையும் சரியாகப் பிரித்துச் சொன்னபோதெல்லாம் கை ஆறியது. ஆனால் தொழில் புத்தி போகுமா? எந்தச் சுவரைக் கண்டாலும் நிறம் சொல்லும் பழக்கத்தில், அடுத்தவர் மனசையும் கலந்து காட்டத் தொடங்கிவிட்டார். முதலாளியிடம் போய், உங்களுக்கு வந்திருப்பது பெருமை இல்லை, பொறாமையிலேயே ஒரு வெளுத்த ஷேட் என்றார். முதலாளி அன்றைக்கு அவரோடு பேசவில்லை. மனைவியிடம், "உனக்கு இப்ப வருத்தம், மேல லேசா பிடிவாதம்" என்றதும் அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க டப்பாவை நீங்க கலக்குங்க. என் டப்பா மூடியைத் திறக்குற வேலை வேண்டாம். எனக்கு என்னன்னு தெரியணும்னா கேளுங்க, சொல்றேன்."

இத்தனை வருஷத்தில் அவர் முதல்முறையாகக் கேட்டார். அவள் சொல்லி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. சமையல் நடக்கவில்லை, ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள். இருவருக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

கிளம்பும் நாள் வந்தது. வாசலில் டாக்ஸி நின்றது. கலர்க்காரர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார், ஆனால் தூரத்திலிருந்தே அனல் அடித்தது. "சொல்லுங்கப்பா" என்றாள் மகள். ஏக்கம் என்றார். நீ போறியேன்னு துக்கம் என்றார். கொஞ்சம் ஆறியது, போதவில்லை. மருமகனைப் பார்த்து, கூச்சத்தோடு, "நீங்க அவளைப் பொசுக்குன்னு தூக்குறீங்க பாருங்க, அதுல எனக்குப் பொறாமை மாப்பிள்ளை" என்றார். இன்னும் ஆறியது. அப்புறமும் அடியில் ஒரு சூடு. திரும்பத் திரும்ப உள்ளே பார்த்தார், அந்த நிறத்தை அவர் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார்.

"ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார். "இவளைப் பார்த்தா வருது. நெஞ்சு பூரா இருக்கு. அதுக்குப் பேரு தெரியலம்மா."

"தெரியலன்னா தெரியலன்னு சொன்னா போதும்ப்பா" என்றாள் மகள்.

மருமகன்தான் சுவரை விட்டு வந்து குழந்தையை அவர் கைகளில் வைத்தார். குழந்தை ஒரு தடவை நெளிந்து, சாவகாசமாக அவர் உள்ளங்கையில் மூத்திரம் போனது. எல்லோரும் அவர் கையையே பார்த்தார்கள். ஆவி எழவில்லை. கலர்க்காரர் அசையாமல் நின்றார். சட்டை நனைய நனைய, "யம்மாடி, என்ன சூடு!" என்று சிரித்தார்.