அலமாரி மேல் டம்ளர்

ஆறு பிள்ளைகள் இருந்தால் பள்ளி உண்டு. ஐந்தானால் இழுத்து மூடிவிடுவார்கள். எங்கள் சிறப்புப் பாலர் பள்ளிக்கு மேலிடம் வைத்த கணக்கு அவ்வளவுதான். அடுத்த சிறப்புப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். என் வகுப்புப் பிள்ளைகளில் மூன்று பேரைத் தூக்கித்தான் பஸ்ஸில் ஏற்ற முடியும். அவ்வளவு தூரம் யார் அனுப்புவார்கள்?

ஆறாவது பிள்ளை பட்டாணி. நாலு வயது. காது கேட்கும், கால் ஓடும், பேச்சு மட்டும் வரவில்லை. இரண்டு வருடமாக அவள் டம்ளரை அலமாரி மேல் வைத்துவிட்டு, "என்ன வேணும்?" என்று கேட்பேன். கையைக் காட்டினால் கொடுக்கமாட்டேன். கல்லில் நார் உரிக்கிற வேலை. போன மாதம் "தண்ணி" என்றாள். வகுப்பே கை தட்டியது. யார் புதிதாகப் பேசினாலும் எல்லோரும் தட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அன்று நான் அழுதேன். அழுகை நின்ற பிறகுதான் விதி ஞாபகம் வந்தது: கேட்டு வாங்கத் தெரிந்த பிள்ளை சாதாரணப் பள்ளிக்குப் போய்விட வேண்டும். அதனால் அதைப் பதிவேட்டில் எழுதவில்லை. அதன்பின் எனக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

இன்று பிள்ளைகளைப் பரிசோதிக்க மேலிடத்து அதிகாரியம்மா வரும் நாள். காலையிலேயே டம்ளரை இறக்கி, தளும்பத் தளும்ப நிரப்பி, பட்டாணியின் முன்னால் வைத்தேன்.

ஆயா பார்த்துவிட்டாள். "என்ன டீச்சர், கீழ வச்சிட்டீங்க?"

"இன்னைக்கு ஒரு நாள்தான்."

"அவ கேக்கக் கூடாதா?"

ஆயா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒரு பிள்ளையின் வாயைத் துடைக்கப் போனாள்.

அதிகாரியம்மா ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துக் கடைசியில் பட்டாணியிடம் வந்தார். "இந்தப் பொண்ணு பேசுதா?"

"இல்லைங்க," என்றேன். பொய் சொல்கிறோமே என்ற கூச்சம்கூட வரவில்லை.

அவர் பேனாவைத் திறந்தார். பட்டாணி டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் எழுவதற்குள் வாயைத் திறந்துவிட்டாள்.

"டீச்சர், இன்னும் தண்ணி."

மூன்று சொல் சேர்த்து அவள் பேசியது இதுதான் முதல் தடவை. மற்ற ஐந்து பிள்ளைகளும் தட்டினார்கள். அவர்களில் இரு கையும் ஒன்று சேராத பையன் மேசையைத் தட்டினான். அதிகாரியம்மா குனிந்து எழுதத் தொடங்கினார். போதும் என்று நான் சொன்னால்தான் பிள்ளைகள் தட்டுவதை நிறுத்துவார்கள். நான் சொல்லவில்லை. என் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன.