குழாயைத் திருப்பிட்டு இறங்கு

கிளர்ச்சிக்காரர்கள் பிடித்திருந்த குரோஸ்னி நகரத்துக்குள் டாங்கிகளை ஓட்டிப்போகச் சொன்ன புண்ணியவான்கள் ஒருவரும் டாங்கியில் ஏறி வரவில்லை. வந்தவன் இல்கிஸ், ஓட்டுநர். அவன் இருக்கை டாங்கியின் மூக்கில். தலைக்கு மேலே இரும்பு மூடி. பீரங்கிக் குழாய் தாழ்ந்து அதன்மேல் நின்றுவிட்டால் மூடி திறக்காது. அதனால் பயிற்சித் திடலிலேயே பீரங்கி சுடும் மத்வேயை நச்சரிப்பான்.

"டேய், குழாயைத் திருப்பிட்டு இறங்குடா."

"உத்தரவு மாமியாரே! பாத்திரமும் கழுவி வைக்கட்டுமா?"

ஒருமுறை வேண்டுமென்றே மறந்து, இல்கிஸை உள்ளே அடைத்துவிட்டு, அவன் பங்குக் கஞ்சியையும் தின்று தீர்த்தான் மத்வே.

இப்போது அந்தத் தெருவில் அவர்களுடைய டாங்கி தனியாக நின்றது. துணைக்கு வரவேண்டிய காலாட்படை முந்தின தெருமுனையிலேயே சிதறிவிட்டது. எதிர்வீட்டு நிலவறை ஜன்னலிலிருந்து சுட்டார்கள்.

"தாழ்த்து! இன்னும் தாழ்த்து!" டாங்கித் தலைவர் லெப்டினன்ட் லோபனோவ் கத்தினார். குழாய் தாழ்ந்தது.

அடி மேலேயிருந்து விழுந்தது, நாலாவது மாடியிலிருந்து. அவ்வளவு உயரத்துக்குக் குழாய் நிமிராது. மாடியில் இருந்தவனுக்கும் அது தெரிந்திருந்தது.

இன்ஜின் செத்தது. உள்ளே ஒருவரோடொருவர் பேசும் காதுக்கருவி செத்தது. புகை வந்தது. இல்கிஸ் மூடியை முட்டினான், குழாய் அசையவிடவில்லை. டாங்கியின் அடிவயிற்றுக் கதவு இடிபாட்டுக் கற்களின்மேல் உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேல் பூட்ஸ் சத்தம், யாரோ குதித்தார்கள்.

"மத்வே! திருப்புடா!" ஸ்பானரால் இரும்பில் அடித்தான். பயத்தைவிட ஆத்திரம்தான் பொங்கியது. கஞ்சி தின்ற பயல், இன்றைக்கும் மறந்துவிட்டான்!

கிரீச் என்றது. நின்றது. மறுபடி கிரீச். மின்சாரம் இல்லாமல் யாரோ குழாயைத் திருப்பும் சக்கரத்தைக் கையால் சுற்றுகிறார்கள். மூடியின் விளிம்பில் வெளிச்சம் கோடு கிழித்தது.

இல்கிஸ் வெளியே விழுந்தான். லோபனோவ் அவன் காலரைப் பிடித்துச் சுவருக்குப் பின்னால் இழுத்தார்.

"மத்வே எங்க?"

"பாதி வெளிய வந்துட்டான். நீ தட்டுனது கேட்டுச்சு. திரும்ப உள்ள போயிட்டான்."

இல்கிஸ் எழுந்து ஓடப் பார்த்தான். லோபனோவ் விடவில்லை. உள்ளேயிருந்த குண்டுகள் வெடித்து டாங்கியின் தலை பீரங்கியோடு தெருவில் போய் விழுந்தது.

வசந்தத்தில், நகரச் சண்டையில் கற்ற பாடங்கள் என்று வகுப்பு வைத்தார்கள். காலாட்படை இல்லாமல் நுழையாதே, உயர்ந்த கட்டடத்தை ஒட்டி நிற்காதே என்று கரும்பலகை நிறைந்தது. பிழைத்து வந்தவர்கள் சொல்லலாம் என்றார் கேப்டன். இல்கிஸ் எழுந்தான்.

"குழாயைத் திருப்பிட்டுதான் இறங்கணும், தோழர் கேப்டன்."

"அது முதல் நாளே சொல்லிக் குடுக்கறதுதானேப்பா."

"ஆமாங்க. திருப்புறவன் இறங்க நேரம் இருக்காதுன்னு எங்களுக்கு யாரும் சொல்லல."

கேப்டன் சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். இல்கிஸ் சொன்னதை அவர் பலகையில் எழுதவில்லை.