மெதுவாக விழுந்த கேக்

வியாழக்கிழமை சாயங்காலம் விக்கா, வகுப்புத் தோழன் மால்டேவின் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, மணியை அடிக்காமல் அப்படியே நின்றாள். முதுகுப்பையில் மடிக்கணினி கனத்தது. உள்ளே போனால் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்பதாம் வகுப்புக்கு அது புராஜெக்ட் வாரம். வாரம் முழுக்கப் பாடம் கிடையாது. குழுவாக ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலை ஏதாவது செய்துகொண்டுவந்து வகுப்பின் முன்னால் நிற்க வேண்டும். மதிப்பெண் மொத்தக் குழுவுக்கும் ஒன்றுதான். ஒருத்தர் சொதப்பினால் இன்னொருத்தர் தலையிலும் விடியும். விக்காவும் மால்டேவும் எடுத்தது, பொருள்கள் விழுவதை அனிமேஷனில் எப்படி நம்ப வைப்பது என்பது. கணக்கு அவனுடையது, படம் அவளுடையது. பிறந்தநாள் மேசையின் விளிம்பிலிருந்து, குட்டிக் காகிதக் கொடிகள் குத்திய கேக் ஒன்று சரிந்து விழும். அவ்வளவுதான் படம்.

"எனக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்று திங்கட்கிழமை சொன்னவள் அவள்தான்.

அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் மென்பொருள் தேடியது மட்டுமே. ஒன்றில் படம் படமாகக் கையால் வரைய வேண்டும். இன்னொன்று அழகு, ஆனால் காசு கேட்டது. மூன்றாவதில் ஈர்ப்புவிசை தானாகவே இருந்தது, ஆனால் அதைக் கற்றுத்தரும் வீடியோவில் ஆள் பேசிக்கொண்டே இருந்தார். எது நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்லும் வீடியோக்களை மட்டும் ஒரு நாள் முழுக்கப் பார்த்தாள். எதைத் திறந்தாலும் அதைவிட நல்லது ஒன்று எங்கோ இருப்பதுபோல இருந்தது. மால்டே கேட்டபோதெல்லாம் "முக்கால்வாசி முடிஞ்சுது" என்றாள்.

மணி அடிக்காமலே கதவு திறந்தது. ஈரல் விழுது தடவிய ரொட்டியும் கையுமாக மால்டே நின்றான்.

"என்னடி, ஜன்னல் வழியா பாத்துட்டே இருக்கேன், சிலை மாதிரி நிக்கிற? உள்ள வா, குளுருது."

"மால்டே, படம் முடியல. இன்னைக்கு மத்தியானம்தான் ஆரம்பிச்சேன். முக்கால்வாசின்னு சொன்னது பொய். நாளைக்கு உன் மார்க்கும் போயிடும்." ஒரே மூச்சில் கொட்டினாள்.

அவன் மென்றதை விழுங்கினான். "சரி. இருக்குறதக் காட்டு."

சமையலறை மேசையில் படம் ஓடியது. கேக் விளிம்பில் சாய்ந்தது, நழுவியது, குளத்துக்குள் அமிழ்வதுபோல ஆற அமர இறங்கியது.

மால்டே விழுந்து விழுந்து சிரித்தான். "இது கேக்கா, பாராசூட்டா?"

"சிரிக்காதடா! ஈர்ப்புவிசை சரியாத்தான் இருக்கு, பத்து தடவ பாத்துட்டேன்."

சரியாக இருக்கிறது என்றதும் அவன் சிரிப்பு நின்றது. கையிலிருந்த ரொட்டியை மேசை விளிம்புக்கு நகர்த்தி ஒரு தட்டு தட்டினான். பட்டென்று விழுந்தது, ஈரல் பூசிய பக்கம் தரையில்.

"பாத்தியா? அரை வினாடிகூட ஆகல. உன் கேக்குக்கு ஒரு வினாடிக்கு மேல ஆகுது." அங்கே கிடந்த காகித உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டான். "ஈர்ப்புவிசை சரின்னா மேசைதான் தப்பு. உன் மேசை ஆறு மீட்டர் உயரம்."

விக்கா அளவுப் பட்டியைத் திறந்தாள். மென்பொருள் முதன்முதலில் கையில் கொடுக்கும் உருளைக்கு அகலம் இரண்டு மீட்டர். அவள் அதன்மேல் கிரீம் தடவி, அதற்கேற்ப மேசையும் போட்டிருந்தாள்.

"நீ செஞ்சது கேக் இல்லடி, கார் ஷெட்டு."

அளவைச் சுருக்கிப் பார்த்தார்கள். அவ்வளவு சின்னப் பொருள் அந்த மென்பொருளுக்குச் சரிப்படவில்லை; கேக் மேசையிலேயே ஜுரம் வந்ததுபோல உதறியது. கொடிகள் நாலாபக்கமும் தெறித்தன. விக்கா மறுபடி தேடல் பக்கத்தைத் திறந்தாள். "இதவிட நல்லா இன்னொண்ணு இருக்காம், சின்னப் பொருளுக்கெல்லாம்..."

"அம்மா தாயே, இன்னொண்ணா!"

அவள் அந்தப் பக்கத்தை மூடினாள். பழைய படத்தையே மறுபடி ஓட விட்டாள். இந்த முறை கேக் தப்பாகத் தெரியவில்லை. பெரிதாகத் தெரிந்தது. மேசைக்கால் பக்கத்தில் காலியாகக் கிடந்த தரையையே பார்த்தாள்.

"மால்டே, இத மாத்த வேணாம். கீழ ஒரு ஆள நிறுத்துறேன்."

வெள்ளிக்கிழமை முதலில் ஆள் இல்லாத படத்தைப் போட்டார்கள். பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். அடுத்து அதே படம், அதே வேகம். ஆனால் இப்போது மேசைக்காலடியில், திரையில் விரல் அளவே தெரிந்த மனிதன் ஒருவன் அண்ணாந்து பார்த்தான், பதறி ஓடினான், கிரீம் மலை அவன் பின்னால் வந்து இறங்கியது. வகுப்பு கூச்சல் போட்டது. மால்டே கரும்பலகையில் ஆறு மீட்டர் கணக்கைப் போட்டுக் காட்டினான்.

"இந்த மென்பொருள எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்டார் ஆசிரியை டோர்த்தே. அந்தப் பள்ளியில் ஆசிரியர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

விக்கா மால்டேவைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான்.

"தேர்ந்தெடுக்கல, டோர்த்தே. மூணு நாள் தேடினேன், அதுலயே வாரம் போயிடுச்சு. நேத்து எது தொறந்திருந்துச்சோ அதுலயே செஞ்சேன். தப்பா வந்துச்சு. ஏன் தப்புன்னு இவன் கண்டுபிடிச்சான்."

"தப்ப வச்சு என்ன செய்யலாம்னு இவ கண்டுபிடிச்சா" என்றான் மால்டே.

டோர்த்தே எதையோ எழுதிக்கொண்டார். உதட்டோரம் சிரிப்பு இருந்தது. "அந்த ஓடுற ஆளு யாரு?"

"மால்டேதான்" என்றாள் விக்கா.

"நானா? எனக்கு அவ்ளோ பெரிய தொப்பையாடி?"

வகுப்பு மறுபடி சிரித்தது. விக்காவும் சிரித்தாள். அந்த வாரம் முழுக்க அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.