தேதி மறந்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரை என் கடை மேசையில் வைத்தபோது அக்கா சொன்னது ஒரே ஒரு குறைதான்.

"தினமும் தேதி மறந்துபோகுதுடா. காலையில போட்டா ஏதோ பழைய வருஷத்தக் காட்டுது."

அது அத்தானுடையது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த கடைசி மாதங்களில், மகளுக்காக அவர் கதை சொல்லிப் பதிவு செய்ததெல்லாம் அதற்குள்தான் இருந்தது. மகளுக்கு அப்போது இரண்டு வயது. அப்பாவின் குரல் அவளுக்கு வேறெங்கும் கிடையாது.

'எதைத் தொடுறதுக்கு முன்னாலயும் ஒரு காப்பி எடுத்து வை' என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான். தேதியை ஞாபகம் வைக்கும் பேட்டரியை மாற்றும் ஐந்து நிமிட வேலைக்குக் காப்பி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பொத்தான் அளவு பேட்டரிதான். மாற்றியாயிற்று. அத்தோடு கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். இந்த வீணாய்ப்போன கை எங்கே சும்மா இருந்தது?

விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே எழுந்து, மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்து இயந்திரத்தைக் கிளப்பிவிடும் சின்ன புரோகிராம் ஒன்று போர்டில் உண்டு. அது பழசாக இருந்தது. சொந்த அக்கா ஆயிற்றே என்று, அவள் கேட்காமலே புதுசாக்கினேன்.

மறுபடி போட்டதும் கறுப்புத் திரையில் நாலு வரி வந்தது. உள்ளே இருக்கும் சாவிகளை அழிக்கட்டுமா, Y-யா N-ஆ என்று கேட்டது. நூறு மெஷினில் பார்த்த வரிகள். பாதி கூடப் படிக்காமல் Y-யைத் தட்டினேன்.

அத்தான் டிஸ்கைப் பூட்டி வைத்திருந்தார். அழிந்தது அந்தப் பூட்டின் சாவி. இனி திறக்க, பூட்டியபோது அவருக்குக் கிடைத்த நாற்பத்தெட்டு இலக்க எண் வேண்டும். அவருடைய நோட்டுகள், மேசை அறைகள், ஈமெயில் என்று மூன்று நாள் அக்காவுக்குத் தெரியாமல் தேடுவது எப்படி? அவளிடம் சொல்லித்தான் தேடினேன். எங்கும் இல்லை.

நாலாம் நாள் கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அழிக்கிறதுக்கு முன்னால அது உன்னக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

"நீ படிக்கல."

தலையாட்டினேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப தேதி சரியா காட்டுதா?"

"காட்டுதுக்கா."

"நான் அதுக்குத்தான் கொண்டுவந்தேன்" என்று சொல்லிவிட்டு வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தாள்.