வானத்தில் ஏது தண்ணி?

சைக்கிளைக் கவிழ்த்து முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த லோகநாயகியின் கையை அம்மா செல்வம்மாள் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்டி. காட்டிட்டின்னா உன் நைனா பூடுவாரு.”

முந்தாநாள் முதல் அங்கமுத்துவின் உயிர் இழுத்துக்கொண்டிருந்தது. ஏதோ ஆசை பாக்கி என்று அவர் அண்ணன் பச்சைமுத்து பால் ஊற்றினார், மண்ணைக் கரைத்து ஊற்றினார், ஏரித் தண்ணீரும் ஊற்றிப் பார்த்தார். மனிதர் அத்தனையும் விழுங்கிவிட்டு மகளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். ஸ்ரீஹரிகோட்டாவில் வேலை பார்க்கும் மகளைப் பற்றிப் பழவேற்காடு முழுக்கப் பீற்றிக்கொண்டவர் அவர். ‘படகைத் திருப்ப அழுத்தறதுக்குத் தண்ணி இருக்கு. வானத்துல ஏது தண்ணி? எதை அழுத்தி உன் பொண்ணு செயற்கைக்கோளைத் திருப்புது?’ என்று மீன் ஏலத்தில் எவனோ மடக்கிவிட்டான். பதில் தெரியாமல் சாவதாவது!

லோகநாயகிக்கு அழுகை முட்டியது. ஆனாலும் கேட்டது நைனாவாயிற்றே.

சக்கரத்தின் அச்சு நுனி ஒன்றில் கயிறு கட்டி, கட்டிலுக்கு மேலே உத்தரத்தில் தொங்கவிட்டாள். மறு நுனியைத் தூக்கிப் பிடித்து, வேகமாகச் சுழற்றிவிட்டுக் கையை எடுத்தாள்.

“வுழுந்துடும்!” என்று கத்தினார் பச்சைமுத்து.

விழவில்லை. நிமிர்ந்தபடியே கயிற்றை மெல்ல வலம் வந்தது.

“அச்சைப் பக்கவாட்டுல தள்ளு நைனா. எந்தப் பக்கம் போவும்?”

“வலது பக்கம் கோல் ஊனுனா படகு இடது பக்கம் போவும். இதுவும் அதே கணக்குதான்.” விரலால் தள்ளினார். சக்கரம் வலதுக்கும் போகவில்லை, இடதுக்கும் போகவில்லை, மேலே எழும்பியது.

“அட, உங்கம்மா மாதிரியே! ஒரு பக்கம் தள்ளுனா வேற பக்கம் போவுது!”

செல்வம்மாள் அழுகையினூடே சிரித்துவிட்டாள்.

“செயற்கைக்கோளுக்குள்ள இப்பிடித்தான் சக்கரம் சுத்திக்கினே இருக்கும் நைனா. மோட்டாரு அதைச் சாய்க்கும். சக்கரம் அடம்புடிச்சி வேற பக்கம் முட்டும். அந்த முட்டுல கோளே திரும்பிடும். சக்கரம்தான் அதுக்குத் தண்ணி!”

“சக்கரம்தான் தண்ணி!” அங்கமுத்து மூச்சிரைக்கச் சிரித்தார். செல்வம்மாள் அவர் காலை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் போகவில்லை.

“அது நின்னுட்டா?” என்றார்.

அடுத்த கேள்வி! லோகநாயகிக்குச் சந்தோஷம் தாளவில்லை. கேள்வி இருக்கும்வரை நைனா இருப்பார். “நிக்காது நைனா! வெயில்லேர்ந்து கரண்ட்டு எடுத்து...” சக்கரத்தை மறுபடி சுழற்றினாள், கையை விரித்துச் சூரியத் தகடு போலக் காட்டினாள், மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். திரும்பியபோது அவர் கண் சக்கரத்தின்மேல்தான் இருந்தது. அது நகர்ந்தபோது கண் நகரவில்லை.

பச்சைமுத்து தோள்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

செல்வம்மாள் உள்ளங்கையால் அந்தக் கண்களை மூடினாள்.

“ஏண்டி நிறுத்திட்ட? அவரு கேட்டதுக்கு முழுசா சொல்லு. நான் கேக்கறேன்.”

லோகநாயகி சக்கரத்தைச் சுழற்றிவிட்டாள்.