கோழி கொத்திய தெரு

மாவு டப்பா கைமாறிய அன்றைக்குத்தான் பாஞ்சாலிக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. அது ஒரு பழைய பால்பவுடர் டின். ஒரு டின்னுக்காகவா ஒரு பொம்பளை சோறு தண்ணி இறங்காமல் கிடப்பாள் என்று கேட்பவர்களுக்குக் கைத்தாங்கல் அறக்கட்டளையைப் பற்றித் தெரியாது.

கைத்தாங்கல் பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை. பெருநகர் என்கிற ஊரில் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இரண்டு ரூம், ஒரு பீரோ, ஒரு ஸ்கூட்டர், அதை ஓட்டிக்கொண்டு அலையும் ஆனந்தன் சார். எந்தத் தெருவுக்கு என்ன குறை என்று அந்தந்தத் தெருப் பெண்களையே சொல்ல வைத்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி வாங்கித் தருவதுதான் வேலை. பேப்பரில் எழுதச் சொன்னால் பெண்கள் பேனாவைப் பார்த்தே பின்வாங்கினார்கள். கோலமாவைக் கண்டால் பின்வாங்குவார்களா? ஊர் நடுவில் தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, கோயில், ஏரி, தெரு, வீடு என்று ஊரையே மாவால் வரைவார்கள். எந்த இடத்துக் குறையை முதலில் தீர்க்கணுமோ அங்கே ஆளுக்கொரு புளியங்கொட்டை. கொட்டை எங்கே குவிகிறதோ அங்கேதான் அடுத்த வேலை. இதற்கு மேப் போடுவது என்று பெயர்.

அன்றைக்கு டப்பா யார் கையில் இருக்கிறதோ அவள்தான் அந்த ஊருக்கே அக்கா. இத்தனை வருஷமாக அது பாஞ்சாலியின் கை.

அதைப் பறித்துக்கொண்டவள் வேற்றாளாக இருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். செவ்வந்தி! மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டில் வந்து முடங்கிக் கிடந்தவளை, "சும்மா குந்திக்கினு இன்னாடி பண்ணப் போறே, வா என் கூட" என்று இழுத்து வந்ததே பாஞ்சாலிதான். வந்தவள் வாயே திறக்கவில்லை, அதுதான் அவளுடைய சாமர்த்தியம். பாஞ்சாலி போய் அதட்டினால் பெண்கள் தலையை ஆட்டுவார்கள். செவ்வந்தி பக்கத்தில் உட்கார்ந்து கீரையை ஆய்ந்தால் போதும், வீட்டுக் கதை முழுக்கக் கொட்டிவிடுவார்கள். தெருவில் போனால் இப்போதெல்லாம் முதல் குரல் செவ்வந்திக்குத்தான். அதற்கப்புறம்தான், "அட, பாஞ்சாலி அக்காவும் வந்துகீதே."

போதாததற்கு, பாஞ்சாலியின் சொந்த ஊரான மாகறலில் மேப் போடும்போதா ஆனந்தன் சார் அப்படிச் சொல்ல வேண்டும்?

"இந்தத் தடவ செவ்வந்தி போடட்டும்க்கா. நீங்க மாவு மட்டும் ரொப்பிக்கினு வந்துடுங்க."

ரொப்புவது இவள், போடுவது அவள். பாஞ்சாலி சரி சார் என்றாள். வேறு என்ன சொல்ல?

மாகறலில் இவள் குடியிருக்கும் ஏரிக்கரைத் தெருவுக்குக் குழாய் கிடையாது. பெரிய தெருக் குழாயில் அந்தத் தெருக்காரர்கள் பிடித்து முடித்த பிறகு, மிச்சம் சொட்டுவதைத்தான் இவர்கள் குடத்தில் ஏந்த வேண்டும். இந்த மேப்பில் கொட்டை விழுந்தால் குழாய் வரும். வரட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அது தன் கையால் வரவேண்டும். செவ்வந்தி வரைந்து வந்த குழாயில், செவ்வந்தி பெயரைச் சொல்லிச் சொல்லித் தெருவே தண்ணீர் பிடிப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க அவளால் ஆகாது.

பொறாமைக்கு மூளை கொஞ்சம் கூடவே வேலை செய்யும். கோழி சீண்டாத கல்லுப்பொடிக் கோலமாவைக் கொட்ட வேண்டிய டப்பாவில், ரேஷன் அரிசியை நொய் மாதிரி கொரகொரவென்று அரைத்து ரொப்பினாள். பெரிய தெரு சுலோச்சனா வளர்க்கும் கோழிகள் ஊரறிந்த ராட்சசக் கூட்டம். மேப் போட்ட கொஞ்ச நேரத்தில் கொத்திக் கிளறி நாசமாக்கிவிடும். செவ்வந்தி கையைப் பிசைவாள். ஆனந்தன் சார், "அக்கா, நீங்களே வந்து போடுங்க" என்று கூப்பிடுவார். கல்லுப்பொடி வீட்டில் தயாராக இருக்கிறது. சாயந்திரம் தன் கையால் புதுசாகப் போட்டுக்கொள்ளலாம். அதனால்தான் தன் தெருவில் ரேணுகாவிடம், "மேப்பு சாயந்திரத்துக்கு மாத்திட்டாங்க, எல்லாருக்கும் சொல்லிடு" என்று ஒரு பொய்யையும் சொல்லி வைத்தாள்.

காலையில் செவ்வந்தி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது.

பாஞ்சாலிக்கு அப்போதுதான் உறைத்தது. தினம் விடிந்ததும் வாசலில் குனிகிற பெண்ணுக்கு, அரிசி மாவு எது கல்லுப்பொடி எது என்று விரல் சொல்லாதா? இது எப்படி மறந்துபோனது?

"அக்கா!" செவ்வந்திக்குக் கண் கலங்கிவிட்டது. "அரிசி மாவாக்கா? பாருங்க சார், சொந்த ஊரு நல்ல காரியம்னு அக்கா அரிசியே அரைச்சு எட்தாந்துகீது. எறும்பு குருவிக்கும் புண்ணியம்னு நெனச்சிகீது."

கூடியிருந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். பாஞ்சாலி பல்லைக் காட்டினாள். அதற்குச் சிரிப்பு என்று பெயர் வைக்க முடியாது.

செவ்வந்தி வரைந்தாள். கோடு இழுத்தது இழுத்தபடி வந்தது, பாவி மகளுக்கு. ஏரிக்கரைத் தெருவில் பாஞ்சாலி வீட்டு வாசல் முருங்கை மரத்தைக்கூட விடவில்லை. பார்க்கப் பார்க்கப் பாஞ்சாலிக்குக் காந்தியது.

கோழிகள் வந்தன. சொன்ன சொல் தவறாத கோழிகள். முதல் கொத்து சுலோச்சனா வீட்டின் மேலேயே விழுந்தது.

"ஐயையோ, என் வூடு!" என்று சுலோச்சனா பாய்ந்தாள்.

செவ்வந்தி கையைப் பிசையவில்லை, சிரித்தாள். "அவங்கவங்க வூட்டாண்ட அவங்கவங்க வந்து நின்னுக்கங்க. காவல்!"

பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மாவு வீடுகளின் பக்கத்தில் குச்சியோடு போய் நின்றார்கள். நின்றவர்களுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. எந்தக் கூட்டத்திலும் பேசாத சுலோச்சனா, "சார், இங்கதான் சாக்கடை தேங்கி நாறிக்கினு கீது" என்று குச்சியால் காட்டினாள். இன்னொருத்தி எரியாத லைட்டைக் காட்டினாள். ஆனந்தன் சாருக்கு முகமெல்லாம் பல். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்துகொண்டிருந்ததைப் பாஞ்சாலி ஓரமாக நின்று பார்த்தாள். அதிலும் பேர் செவ்வந்திக்கு!

எல்லாப் பக்கமும் விரட்டு வாங்கிய கோழிகள், காவல் இல்லாத ஒரே தெருவுக்குள் நுழைந்தன. ஏரிக்கரைத் தெரு. அங்கே நிற்க ஆள் ஏது? சாயந்திரம் என்றல்லவா சொல்லியிருக்கிறது. ரேணுகா வீடு போனது. முருங்கை மரம் போனது. கொத்தட்டும், நல்லா கொத்தட்டும் என்றுதான் பாஞ்சாலி நினைத்தாள்.

ஆனந்தன் சார் போட்டோ எடுக்கப் போனைத் தூக்கினார். "அந்தப் பக்கம் இன்னா காலியா கீது? சரி, கொட்டை வையுங்க. இருக்கறத வச்சி இன்னிக்கே எழுதிக் குடுத்துடுவேன்."

இன்றைக்கே! சாயந்திரம் இரண்டாவது மேப் என்று ஒன்று கிடையவே கிடையாது. காலியாமே, காலி! பிரசவத்துக்கு மறுமாசமே குடம் தூக்கிய தெரு அது. ஒரு பெட்டைக்கோழி அவள் வீட்டு வாசற்படியைக் கொத்திக்கொண்டிருந்தது.

"ச்சூ! ச்சூ!" மாராப்பு விலகியதுகூடத் தெரியாமல் ஓடினாள். கோழியைக் காலால் எத்தி, மிச்சமிருந்த கோட்டின் நடுவே நின்றாள். "காலி இல்ல சார்! இங்க தெரு கீது! எங்க தெரு கீது!"

ஆனால் கொட்டை வைக்க அவள் ஒருத்திதான். மற்ற கொட்டையெல்லாம் சாக்கடைப் பக்கம் விழுந்துகொண்டிருந்தது. என்ன காரியம் பண்ணித் தொலைத்தோம் என்று அவள் மருகி நின்றபோது, ரேணுகாவும் தெருப் பெண்களும் பெரிய தெருக் குழாய்க்காகக் குடத்தோடு வந்தார்கள்.

"இன்னாக்கா இது? சாயந்திரம்னு சொன்னியே?" ரேணுகாவுக்கு எப்போதும் ஊர் கேட்கிற குரல்தான்.

எல்லாக் கண்களும் பாஞ்சாலி மேல் திரும்பின. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

"மாவு அரைக்கற அவசரத்துல அக்கா மாத்தி சொல்லிட்டுகீது" என்றாள் செவ்வந்தி சாதாரணமாக. "கொடத்த வச்சிட்டு வாங்க, உங்க வூட்ட உங்க கையாலயே போடுங்க."

ஏரிக்கரைத் தெரு மறுபடியும் எழுந்தது. பெண்கள் கொட்டை வைத்தார்கள். காலிக் குடங்களின் வரிசையைப் பார்த்த சுலோச்சனா, சாக்கடைப் பக்கம் வைத்த தன் கொட்டையை எடுத்து இங்கே வைத்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். குழாய் ஏரிக்கரைத் தெருவுக்கே விழுந்தது.

"இத்தினி வருசத்துல இப்பிடி ஒரு மேப்பு நான் பாத்ததில்ல" என்றார் ஆனந்தன் சார். "அரிசி மாவு யாரு யோசனை?"

"அக்காதான் சார். எல்லாமே அக்காதான்."

பெண்கள் கை தட்டினார்கள். இத்தனை வருஷம் பாஞ்சாலி எந்தத் தட்டலுக்காக ஏங்கினாளோ அதே தட்டல். செவ்வந்தியின் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று தேடினாள். ஒரு துளி இருந்திருந்தால்கூட அவளைத் தொடர்ந்து வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். எதுவும் இல்லை. இதிலும் அவளே ஜெயித்துவிட்டாள் என்று பாஞ்சாலிக்கு எரிந்தது. எரிவதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

செவ்வந்தி டப்பாவைத் துடைத்து மூடி அவள் கையில் கொடுத்தாள்.

"வர்ற வாரம் காவாந்தண்டலத்துல மேப்பு கீதுக்கா. நீயே போடு. நான் காவல் நிக்கறேன்."

பாஞ்சாலி வாங்கிக்கொண்டாள்.

"மாவு நீ ரொப்பு."